ஒரே சொல்லில் முடிந்த பேரம்

தண்ணீர் பெருகியதால் பிழைப்பு கெட்ட ஒரே மனிதர் அந்த ஊரில் முறைத் தரகர்தான்.

மற்ற எல்லாருக்கும் அது யோக காலம். தலைக்கு மேலே பனிமலை. அதற்குக் கீழே மலையிடுக்கில் ஓடை. ஓடையின் தலைமடையிலிருந்து பாறைச்சுவரைக் குடைந்து, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு ஊர்வரை இழுத்து வந்த வாய்க்கால். அந்த வாய்க்கால் இல்லையென்றால் ஊர் வெறும் கல். ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் மூன்று மணி நேரம் தண்ணீர் சொந்தம். அதற்குப் பெயர் முறை. மூன்று மணி முடிந்ததும் பலகையை இறக்கி அடுத்தவன் வயலுக்குத் திருப்பிவிட்டே ஆக வேண்டும், நாற்று நாக்கைத் தொங்கப் போட்டிருந்தாலும் சரி.

தண்ணீர் சுண்டிய காலத்தில் எவனுக்கும் அவனவன் முறை பொருந்தியதே கிடையாது. திங்கட்கிழமைக்காரனுக்கு வியாழக்கிழமை வேண்டும்; காலைக்காரனுக்குச் சாயங்காலம் வேண்டும்; அண்ணன் தம்பிக்குள் பேச்சு இருக்காது, முறையை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கேதான் தரகர் வருவார். டீக்கடை பெஞ்சில் தோள் துண்டோடு உட்கார்ந்திருப்பார். துண்டை விரித்து, அதற்கடியில் இவன் கையையும் அவன் கையையும் பிடித்துவைத்து, விரலை மடக்கி நீட்டி, ஒரு சொல் வெளியே வராமல், இவனுடைய செவ்வாயை அவனுடைய வெள்ளிக்கு மாற்றி, மேற்கொண்டு இரண்டு நாள் களையெடுப்பையும் சேர்த்து முடித்துவிடுவார். பேரத்துக்கு ஒரே ஒரு கட்டு உண்டு. துண்டுக்குள் போன கை, பேரம் முடிந்தோ, இருவரும் ஒத்து முறித்தோதான் வெளியே வர வேண்டும். முடிந்த பேரத்தில் பேச்சு மாறினவன் ஊரில் தலைகாட்ட முடியாது. தரகரின் துண்டுக்கடியில் முடிந்த பேரம் முப்பது வருஷத்தில் ஒன்றுகூடப் புரண்டதில்லை. ஊரில் அவருக்கு இருந்த சொத்து அதுதான். நிலம் எல்லாம் ஒரு கைக்குட்டை அளவு.

ஏழெட்டு வருஷமாக வெயில் ஏறிக்கொண்டே போனது. பனிமலை பகலெல்லாம் வியர்த்தது. வாய்க்கால் விளிம்பு தொட்டு ஓடியது. பார்லி விதைத்துக்கொண்டிருந்தவர்கள் முட்டைக்கோசுக்கு மாறினார்கள். கீழே இருந்து லாரி ஏறி வந்து அள்ளிக்கொண்டு போனது. எல்லாரையும்விட அதிகமாகக் கோசு போட்டவருக்கு ஊர் 'கோசு மிராசு' என்று பட்டம் கட்டியது; அவரும் அதற்கேற்ற மாதிரி வயிறு வளர்த்தார். முறை மாற்ற ஒருவருமே வரவில்லை. தரகரின் துண்டு வியர்வை துடைக்கப் போனது.

"இப்படி வாரி இறைக்கிறது நல்லதுக்கில்லை" என்று அவர் டீக்கடையில் சொன்னார். "கடையை மூடப்போறவன்தான் இப்படிச் சரக்கைக் கொட்டிக் குடுப்பான். போட்ட முதலையே எடுத்துக் குடுக்குது மலை. வட்டி இல்லை இது."

"உங்க கடை மூடிப்போச்சுன்னு மலை கடையையும் மூடப் பாக்குறீங்களே, தரகரே!" என்றார் மிராசு. கடை குலுங்கியது.

அதுதான் வினை. ஊரில் வேறு யார் சொல்லியிருந்தாலும் ஒரு காது கேட்டிருக்கும். தண்ணீர் குறைந்தால் லாபம் பார்க்கிறவன், தண்ணீரைப் பற்றி அபசகுனமாகச் சொன்னால், பேரத்தில் பிறந்து பேரத்தில் வளர்ந்த சனம் எப்படி நம்பும்? மாட்டை வாங்க வந்தவன் மாட்டுக்குப் பல் சரியில்லை என்று சொன்னால் நம்புகிற மூஞ்சிகளா அவை? தரகருக்கே அது புரிந்தது. அவர்கள் இடத்தில் இருந்தால் அவரும் நம்பியிருக்க மாட்டார்.

போன வருஷம் கீழ்ச்சந்தையில் ஒரு கோவேறு கழுதைக்காரர் அவரிடம் ஒன்று சொன்னார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில், நல்ல உச்சி வெயிலில், ஓடை திடீரென்று நின்றுவிட்டதாம். சனமெல்லாம் ஓடைக்குள் இறங்கிக் கூடை கூடையாக மீன் பொறுக்கியதாம். "அப்புறம்?" என்று தரகர் கேட்டார். கழுதைக்காரர் வெறும் வெளியைப் பார்த்துக் கையை விரித்தார். அவருடைய தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் அது.

சந்தை மனிதருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வர வேண்டிய நாளில் சரக்கு வரவில்லை என்றால், எவனோ எங்கேயோ பதுக்கிவைத்திருக்கிறான். பதுக்கினது ஒருநாள் மொத்தமாகத்தான் வெளியே வரும்.

பனிமலையின் அடிவாரத்தில், முன்பு பனி மட்டுமே இருந்த இடத்தில், இப்போது ஏரி ஒன்று இருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இடுக்கின் வாயில் இரும்புக் கம்பம் நட்டு, ஒலிபெருக்கி மாட்டி, வெயிலில் சார்ஜ் ஏறுகிற தகடும் பேட்டரியும் வைத்து, ஏரி உடைந்தால் அது கத்தும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு வருஷம் அது கத்தவே இல்லை. சும்மா இருக்கிற பேட்டரியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஊரா அது? இப்போது அதில் டீக்கடை டிவி ஓடுகிறது. கழற்றினவனுக்கும் டீக்கடை அக்காவுக்கும் நடந்த பேரம் துண்டுக்கடியில்தான் முடிந்தது. முடித்துவைத்தவர் நம் தரகர். அன்றைக்கு அதில் அவருக்கு ஒரு மாதத்து டீ கிடைத்தது. இப்போது டிவியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த டீ நெஞ்சில் நிற்கும்.

அவருக்கு ஒரே மகள். மருமகன் வேறு பள்ளத்தாக்கிலிருந்து வேலை தேடி வந்தவர். இந்த ஊரின் மடைக்காரர்; அதற்குக் கூலியாக ஊர் ஒரு சின்ன வயலை அவருக்கு விட்டிருந்தது. தலைமடையைத் திறப்பது, அடைப்பது, அடைத்த கல்லையும் சேற்றையும் வாருவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆள் மலைபோல. பேச்சை விரல்விட்டு எண்ணிவிடலாம். பேரம் என்றால் என்ன என்றே தெரியாதவர். ஒருமுறை சந்தையில் செருப்புக்காரன் சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் நீட்டியிருக்கிறார். செருப்புக்காரன் பயந்துபோய், ஏதோ தன் தலைக்கு வரப்போகிறது என்று, இன்னொரு ஜோடி வாரையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறான். இந்தக் கதையை ஊர் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரித்தது.

கல்யாணமாகி இரண்டு வருஷமாக மாமனார் வீட்டில்தான் இருக்கிறார். வீட்டோட மாப்பிள்ளை. அந்தச் சொல் அவருக்கு முள். கல்யாணத்துக்கு முந்தின நாள் மகள் அப்பாவிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கினாள்: "ஊர் என்ன வேணா சொல்லட்டும். உங்க வாயிலேர்ந்து மட்டும் அந்த வார்த்தை வரக்கூடாது." தரகர் அந்த வார்த்தையைக் கனவில்கூடச் சொன்னதில்லை.

மருமகனுக்குத் தனி வாசல் வேண்டும். ஓடையோரத் திட்டில், மண் கொழித்த இடத்தில், தானே அஸ்திவாரம் தோண்டிவிட்டார். கூரைக்கு மரம் வேண்டும். மாமனாரின் வீட்டுக்குப் பின்னால் இருபத்தி நாலு தேவதாருக் கட்டைகள் அடுக்கிக் கிடந்தன. தரகர் தர மறுத்தார். காரணம் கட்டை இல்லை, இடம். ஓடையோரம் வேண்டாம், மேட்டில் கட்டுங்கள் என்றார். மேட்டில் இவர் வீட்டுக் கொல்லையைத் தவிர வேறு இடம் ஏது? அப்படியானால் தன்னைக் கொல்லையிலேயே கட்டிப்போடப் பார்க்கிறார் என்று மருமகன் புரிந்துகொண்டார். ஆறு மாதமாக இருவருக்கும் நடுவில் சோற்றுத் தட்டு மட்டும் போய்வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு வெயில் காலையிலேயே கல்லைச் சுட்டது. உச்சிப் பொழுதில் வாய்க்கால் அரை முழம் இறங்கியது. சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அடிமண் தெரிந்தது. இன்னும் சற்று நேரத்தில் நூல் நூலாக ஓடி, நின்றுவிட்டது.

ஊருக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. தண்ணீர் நின்றால் காரணம் ஒன்றுதான்: மேலூர்க்காரன் கை வைத்துவிட்டான். மூன்று தலைமுறைச் சண்டை அது. இடுக்கின் எதிர்ப்பக்கத்தில் மேலூருக்கும் ஒரு மடை இருக்கிறது; தண்ணீர் குறைந்த காலத்தில் இவன் அவன் பலகையைப் பிடுங்குவதும் அவன் இவன் பலகையைப் பிடுங்குவதும் உறவினர் வீட்டுக்குப் போய்வருகிற மாதிரி நடந்த விஷயம். பழைய ஆத்திரத்துக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஆளாளுக்கு மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பதினோரு பேர். முன்னால் மருமகன்.

இடுக்குக்குள் போகிற பாதை டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். கடை மேட்டில் இருக்கிறது. பாதை அதன் வாசலிலிருந்து சரிந்து, ஒரு பாறை முனையைச் சுற்றிக்கொண்டு இடுக்குக்குள் நுழையும். தரகர் கடைக்கு வெளியே நின்றிருந்தார். அவர் வாய்க்காலைப் பார்க்கவில்லை. கீழே ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடையும் நின்றிருந்தது. கூழாங்கற்கள் ஈரம் காயாமல் வெயிலில் மின்னின. மேலூர்க்காரன் வாய்க்காலைத் திருடலாம். ஓடையையே மடியில் கட்டிக்கொண்டு போக முடியாது.

அவர் பாதையின் குறுக்கே வந்து நின்றார்.

"யாரும் உள்ள போகாதீங்க" என்றார். "ஓடையைப் பாருங்க. இது திருட்டு இல்ல. மேல எங்கயோ அடைச்சு நிக்குது. எப்ப உடையும்னு தெரியாது."

"வந்துட்டாருய்யா!" என்று கைதட்டியவர் வக்கீல். கோர்ட் வாசலை மிதித்ததில்லை. விவாதத்தில் விடமாட்டார் என்பதால் வந்த பெயர். "ஏன் அண்ணே, தண்ணி நின்ன அன்னிக்கே முதல் ஆளா வாசல்ல நிக்கிறீங்களே, துண்டோட. நீங்களே ரெண்டு கல்லைப் புரட்டிப் போட்டீங்களா மேல?"

"நாளைக்கு முறை விலை என்ன, தரகரே?" என்றார் மிராசு. "சொல்லிடுங்க. என் கோசு காத்திருக்காது."

"கோசு கிடக்கட்டும்யா, உசுரைப் பாருங்க!"

"பார்றா, உசுருக்கும் தரகு கேக்குறாரு."

டீக்கடை அக்காகூட, "நீங்க ஏன் அண்ணே இந்த நேரத்துல வாய வெக்கிறீங்க" என்று கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே முணுமுணுத்தாள்.

தரகர் மருமகன் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, நீங்களாவது நில்லுங்க."

"மடை என் பொறுப்பு, மாமா. தண்ணி நின்னா நான்தான் போய்ப் பாக்கணும்." அவ்வளவுதான். நடந்தார்.

தரகருக்குத் தெரிந்தது ஒரே வித்தை. கெஞ்சினால் இந்தச் சனம் நிற்காது. சத்தியம் செய்தால் சிரிக்கும். ஆனால் கண்முன்னே ஒரு பேரம் நடக்கும்போது அதைப் பார்க்காமல் தாண்டிப் போக இந்த ஊரில் பிறந்த எவனாலும் முடியாது. பிணம் தூக்கிக்கொண்டு போனவர்கள் கழுதை பேரத்தைப் பார்த்துப் பாடையை இறக்கிவைத்த ஊர் இது. அவர் தோளிலிருந்து துண்டை உருவி உதறினார். சத்தமாகவே உதறினார்.

"இருபத்தி நாலு கட்டை, மாப்பிள்ளை. பேசிடலாமா?"

பதினோரு பேரும் நின்றார்கள். மண்வெட்டிகள் தோளிலிருந்து தானாகவே இறங்கின.

மருமகன் திரும்பிப் பார்த்தார். ஆறு மாதமாகக் கேட்டுக் கிடைக்காதது. "இப்பவா?"

"இப்ப இல்லைன்னா எப்பவுமே இல்லை. கட்டையை லாரிக்காரன் கேட்டுக்கிட்டிருக்கான்."

"ஓடையோரத்துலதான் கட்டுவேன், மாமா."

"எங்க வேணா கட்டுங்க. கையைக் குடுங்க."

துண்டுக்குள் கை வந்தது. தரகர் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டார். அநியாயமாகக் கேட்க வேண்டும். ஊரே கொதிக்கிற மாதிரி கேட்க வேண்டும். ஆள் கோபப்பட்டுக் கையை உதறப் பார்ப்பார். கட்டு இருப்பதால் உதற முடியாது. அதிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினால் சூரியன் சாய்கிறவரை இழுக்கலாம். ஒரு கிழட்டுக் கோழிக்கு ஒருநாள் முழுக்கப் பேரம் இழுத்த கை இது. அவர் வாயைத் திறந்தே சொன்னார், எல்லார் காதிலும் விழட்டும் என்று:

"பத்து வருஷம். உங்க வயல் விளைச்சல்ல பாதி எனக்கு. அதோட வருஷத்துக்கு முப்பது நாள் என் நிலத்துல வேலை."

"அடேயப்பா!" என்றார் வக்கீல். "இது வழிப்பறி அண்ணே!"

"சொந்த மருமகன்யா!" என்று யாரோ தலையில் கைவைத்தார்கள்.

நன்றாகப் போகிறது என்று தரகர் நினைத்தார். அடுத்த சொல்லுக்குத் தயாராக விரலை மடக்கினார்.

மருமகன் அவர் கையை இறுகப் பற்றி, ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"சரி."

துண்டுக்கடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

தரகருக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. முப்பது வருஷத்தில் முதல் விலைக்கு ஒருவர் சரி என்று சொல்லி அவர் கேட்டதில்லை. செருப்புக்காரன் கதைக்கு ஊரோடு சேர்ந்து சிரித்தவர்தான் அவரும். ஆனால் இந்த ஆளிடம் அவ்வளவு பெரிய பேரத்தைத் தூக்கிக் கொடுக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. எல்லா மனிதரும் இழுப்பார்கள் என்பது அவருக்கு மூச்சுப்போல.

"இருங்க மாப்பிள்ளை, இன்னும் பேசல, கதவுக்கு மரம் தனியா…"

"முடிஞ்சுதே மாமா. ரொம்ப சந்தோஷம். வந்து கட்டையை எடுத்துக்கறேன்." அந்த மலைமனிதர் முகத்தில் இரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினார். வழக்கத்தைவிட வேகமாக, தனி வீடு கிடைத்த மனிதரின் நடை அது.

மற்ற பத்துப் பேரும் போகவில்லை. போக முடியுமா? பாதி விளைச்சலா, பத்து வருஷமா, முப்பது நாளா, கட்டை என்ன தங்கமா என்று கடை வாசலே சந்தையாகிவிட்டது. இருபத்தி நாலு கட்டையையும் இதைவிடச் சல்லிசாகத் தன்னால் முடித்துத் தர முடியும் என்று வக்கீல் சட்டம் பேசினார். மேலூர்க்காரனை எல்லாரும் மறந்துபோனார்கள். வலை வேலை செய்தது. எந்த மீனுக்காக விரித்தாரோ அது மட்டும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

பாறை முனைக்கு இருநூறு அடி இருந்தது. முனையைத் திரும்பிவிட்டால் கூப்பிட்டாலும் கேட்காது.

"மாப்பிள்ளை!"

மருமகன் திரும்பாமலேயே கையை உயர்த்தி ஆட்டினார்.

தரகர் துண்டைத் தரையில் எறிந்தார். "பேரம் செல்லாது! கட்டை தரமாட்டேன்! நான் சொன்னது சொல்லே இல்லை!"

கடை வாசல் கப்பென்று அடங்கியது. டம்ளர் துடைக்கிற கை நின்றது. மிராசு வாயைத் திறந்தபடி நின்றார். முறைத் தரகரா? முடிந்த பேரத்தையா? ஒருவர் வெட்கப்பட்டுப் பார்வையைக் கீழே போட்டார், தரகர் வேட்டி அவிழ்ந்து நின்ற மாதிரி. முப்பது வருஷத்துப் பெயர் அந்த ஒரு மூச்சில் போயிற்று. அது போனதைத் தரகர் கவனிக்கக்கூட இல்லை. அவர் கண் சரிவில் இருந்தது.

மருமகன் நின்றார். பாதி திரும்பினார். நஷ்டத்துக்குக் கோபப்படுகிற ஜாதி இல்லை அவர். "வந்து பேசிக்கலாம், மாமா" என்று மட்டும் சொன்னார். மறுபடி நடந்தார்.

நூற்றைம்பது அடி.

பின்னால், கடையை ஒட்டி மேட்டில் இருந்த தன் வீட்டு வாசலில் மகள் நிற்பதைத் தரகர் பார்த்தார். சத்தம் கேட்டு, ஈரக் கையோடு வந்திருந்தாள். பார்க்காமல் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவளைப் பார்த்துக்கொண்டே அவரால் சொல்ல முடியவில்லை; சரிவுக்குத் திரும்பி, அடித்தொண்டையிலிருந்து கத்தினார்.

"வீட்டோட மாப்பிள்ளைக்கு எதுக்குடா தனி வீடு?"

பாறைச்சுவர் அதை வாங்கி, இன்னொருமுறை சொல்லிக் காட்டியது.

மருமகன் அப்படியே நின்றார். மண்வெட்டி தோளிலிருந்து மெதுவாக இறங்கியது. பிறகு திரும்பி, மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். ஓடவில்லை. ஒவ்வொரு அடியாக வைத்தார். ஓடி வரக்கூடாதா என்று தரகர் மனசுக்குள் கதறினார். அவர் வருகிற வேகம் போதாது என்று பட்டது. அதனால் மேலும் சொன்னார். இரண்டு வருஷம் தின்ற சோற்றைச் சொன்னார். வந்தபோது காலில் செருப்பு இல்லாததைச் சொன்னார். எந்த வார்த்தை எங்கே தைக்கும் என்று ஆள் பார்த்து அளக்கத் தெரிந்த வாய், ஒன்றுகூட வீணாகவில்லை.

"ஐயோ, அப்பா!" என்று பின்னால் மகள் குரல் கேட்டது.

மருமகன் சரிவேறிக் கடை வாசலுக்கு வந்து, மாமனாருக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். வக்கீல் நடுவில் வந்து, "விடுங்க, பெரியவர்…" என்று ஆரம்பித்தார். மருமகன் அவரை ஒரு நாற்காலியை நகர்த்துகிற மாதிரி நகர்த்தினார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சத்தமே இல்லாமல்.

தரகர் சொன்னார்.

மண்வெட்டிப் பிடியில் விரல் முட்டிகள் வெளுத்தன. அப்போது, அந்தச் சுடுகிற மதியத்தில், எல்லார் பிடரியிலும் ஜில்லென்று ஒரு காற்று பட்டது. இடுக்குக்குள்ளிருந்து வந்தது. பழைய கிணற்றைத் தூர்வாருகிறபோது வருகிற வாடை அதில் இருந்தது. அக்காவின் டம்ளர்கள் தட்டில் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொண்டன. கடை நாய் எழுந்து, குரைக்காமல், மேட்டைப் பார்த்து ஓடியது.

"லாரியா?" என்றார் மிராசு.

பாறை முனையைச் சுற்றிக்கொண்டு வந்தது தண்ணீராகவே இல்லை. பழுப்பாக, வீட்டு உயரத்துக்கு, கல்லும் மரமும் புரண்டுகொண்டு, தன் சத்தத்தைத் தானே தள்ளிக்கொண்டு வந்தது. பதினோரு பேரும் தரகரும் அக்காவும் எப்படிக் கடைக்குப் பின்னால் மேட்டில் ஏறினார்கள் என்று பிறகு எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பாதை போயிற்று. அஸ்திவாரம் தோண்டிய திட்டு இருந்த இடத்தில் திட்டே இல்லை. இரும்புக் கம்பம் ஒரு சத்தமும் போடாமல் சாய்ந்தது. மிராசின் கீழ்வயல்கள், பச்சை பச்சையாக வரிசை பிடித்திருந்த அத்தனை கோசும், கண்ணிமைக்கிற நேரத்தில் உருண்டு மறைந்தன. பாறைச்சுவரில் ஊர் வாய்க்கால் ஓடிய கோடு முழுசாக உரிந்து விழுந்தது. புதுப் பாறை, காயம்போல வெளிறித் தெரிந்தது.

வந்த மாதிரியே தணிந்தது. சேறு மட்டும் கொழகொழவென்று போய்க்கொண்டிருந்தது.

மிராசுதான் முதலில் வாயைத் திறந்தார். "நாளைக்குக் காலை முறை என்னுது" என்றார், யாரிடம் என்றில்லாமல். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

வக்கீல் தரகரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சேதான் அண்ணே இழுத்தீங்க! பதினோரு குடும்பம் அண்ணே! நாங்க என்னமோ நினைச்சோம்…" அழுதார். அக்கா கீழே கிடந்த துண்டை எடுத்து, உதறி, தரகரின் தோளில் போட்டாள். அவர் அதை உணரவில்லை. மகளைப் பார்த்தார். அவள் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகன் இவர்கள் யாரோடும் சேரவில்லை. சேற்றின் விளிம்புவரை இறங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மடைக்காரரின் கண்ணோடு அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். விரலிடுக்கில் வழியவிட்டார். இன்னொரு பிடி அள்ளினார். அப்புறம் எழுந்து மேலே வந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தரகரைப் பயமுறுத்தியது.

"பனிக்கட்டி இல்லை" என்றார்.

"என்னது?" என்றார் வக்கீல்.

"போன வாரம் ஏரிக்குப் போயிருந்தேன். தண்ணி முழுக்க வீடு வீடா பனிக்கட்டி மிதக்குது. இதுல ஒரு துண்டுகூட இல்லை. வெறும் மண்ணு." அவர் மாமனாரின் முகத்தை நேராகப் பார்த்தார். "சரிவு விழுந்து ஓடையில அடைச்சு நின்ன தண்ணிதான் இது, தரகரே. ஏரி இன்னும் மேலதான் இருக்கு."

இதுவரை அவர் வாயால் 'மாமா' தவிர வேறு பெயரைத் தரகர் கேட்டதில்லை.

மகள் வீட்டுக்குள் போனாள். உள்ளே பெட்டி இழுபடுகிற சத்தம் கேட்டது. ஒரு பெட்டியா இரண்டா, போவது மருமகன் மட்டுமா மகளுமா என்று தரகர் காதைத் தீட்டிக் கேட்டார்.

வெயில் கொஞ்சமும் இறங்கியிருக்கவில்லை. மேலே பனிமலை, கண் கூசுகிற வெள்ளையில், சொட்டிக்கொண்டே இருந்தது.